வீட்ல இருக்கிற அம்மாவிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு வருஷமாக நான் வேலைக்குப் போவதில்லை. வீடு சேலம் சூரமங்கலம், பிறந்த வீடு அம்மாபேட்டை. 2014-ல் பையன் பிறந்ததும், செவ்வாய்பேட்டையில் ஒரு நூல் கடையில் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு வேலையை விட்டேன். அன்றிலிருந்து கல்யாண வீட்டிலும் டவுன் பஸ்ஸிலும் பள்ளிக்கூட வாசலிலும் அதே கேள்விகள்தான். கேட்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. எனக்குத்தான் நின்ற இடத்தில் பதில் வராது. வீட்டுக்கு வந்து பாத்திரம் விளக்கும்போதுதான் நல்ல பதிலாக வரும். அப்படி வந்தவற்றை எழுதி வைத்திருக்கிறேன்.

"வேலைக்குப் போறீங்களா, இல்ல வீட்ல சும்மாதான் இருக்கீங்களா?"

வீட்டில் இருக்கிறேன். சும்மா இல்லை. சும்மா இருப்பது ஞானிகள் மலைக்குப் போய்த் தேடிய நிலை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இரண்டு பிள்ளைகளும் ஒரு மாமியாரும் இருக்கிற வீட்டில் அது கிடைக்காது.

"அப்படி என்னதாங்க வேலை வீட்ல?"

சமையல், துணி, பாத்திரம், கூட்டிப் பெருக்குவது. இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை, உங்களுக்கே தெரியும். தெரியாத வேலைக்கு ஒரு தண்ணீர் நாளைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் உப்புத் தண்ணி போரில் வந்துவிடும். குடிக்கிற நல்ல தண்ணி மேட்டூரிலிருந்து வரும் காவிரி. அது தினமும் வராது, வருகிற நேரமும் நிச்சயமில்லை. வந்தால் தொட்டி நிறைய இருபது நிமிஷம் போதும். வாசல் குழாயைத் திறந்துவிட்டுக் குடத்தில் பிடித்து வைப்பதைப் பார்க்கிறவர்களுக்கு அந்த இருபது நிமிஷம்தான் வேலை. ஆனால் போன தடவை எப்போது வந்தது என்று நான் நினைவு வைத்திருக்க வேண்டும். நாளைக்கு வரக்கூடும் என்றால் இன்றைக்கே டிரம்மைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். அன்றைக்குப் பல் டாக்டரிடம் நேரம் வாங்கக்கூடாது. ராத்திரி குழாயில் முதலில் காற்று 'உஸ்' என்று வரும், பிறகுதான் தண்ணீர். அந்தச் சத்தத்துக்காக ஒரு காதைத் திறந்து வைத்துத்தான் தூங்க வேண்டும். எங்கள் வீட்டில் ஐந்து பேர். அந்தச் சத்தத்துக்கு விழிப்பது ஒருத்திதான். மற்றவர்கள் செவிடு இல்லை. நான் விழித்துக்கொள்வேன் என்று அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இதே மாதிரி காது திறந்து வைக்கிற இடங்கள் நிறைய. அத்தையின், அதாவது மாமியாரின், பிரஷர் மாத்திரை அட்டையில் இன்னும் நாலுதான் இருக்கிறது. பையனின் ஷூ கடிக்க ஆரம்பித்திருக்கிறது, அவன் சொல்ல மாட்டான், நொண்டும்போதுதான் தெரியும். ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டது, பருப்பு வரவில்லை, இன்னொரு தடவை போய்க் கைரேகை வைக்க வேண்டும். பெண்ணுக்குத் தேதி நெருங்குகிறது, பையில் ஒன்று எடுத்து வைத்திருக்கிறாளா என்று கேட்க வேண்டும். அதையும் அவள் தம்பி இல்லாத நேரமாகப் பார்த்து.

அப்புறம் மொய் நோட்டு. இதை யாரும் வேலை என்றே நினைப்பதில்லை. என் கணக்குப் படிப்பு இன்றைக்கும் உபயோகப்படுகிற ஒரே இடம் அதுதான். எந்த விசேஷத்துக்கு யார் எவ்வளவு வைத்தார்கள், நாம் திருப்பி எவ்வளவு செய்தோம், அந்த வீட்டில் அடுத்து காதுகுத்தா, கிரகப்பிரவேசமா, தங்க விலை ஏறியிருக்கிறதே, அன்றைக்கு அவர்கள் போட்ட அரைப் பவுனுக்கு இன்றைக்கு என்ன செய்வது. ஆத்தூரில் இருக்கும் என் வீட்டுக்காரரின் பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றால், மூன்றாம் நாள் போன் பண்ணி விசாரிக்க வேண்டும். முதல் நாள் பண்ணினால் தொந்தரவு, ஒரு வாரம் கழித்துப் பண்ணினால் குறை. "உங்க மருமகள் தங்கமான பொண்ணு" என்று அந்த அம்மா அத்தையிடம் சொல்வார். அந்தத் தங்கம் மூன்றாம் நாள் என்ற கணக்கில்தான் இருக்கிறது.

"இப்பதான் மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் இருக்கே?"

இருக்கிறது, நன்றி. ஆட்டுக்கல்லில் ஆட்டிய காலத்தில் இட்லி என்றால் விசேஷம். கிரைண்டர் வந்தது, இட்லி தினப்படி ஆகிவிட்டது. கையால் துவைத்த காலத்தில் ஒரு சட்டையை இரண்டு நாள் போட்டார்கள். இப்போது டியூஷனுக்கு ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு போன சட்டை அழுக்குக் கூடையில் கிடக்கிறது. மெஷின் துவைக்கும், பாக்கெட்டில் பேனா இருக்கிறதா என்று பார்க்காது.

"அம்மா, என் நீலச் சட்டை எங்க?"

தலைப்பில் சொன்னபடி உண்மையாகவே அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'எங்க' என்று முடியும் கேள்வி வரும்போதெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு கோடு போட்டேன். மதியச் சாப்பாட்டுக்குள் பதினேழு. கத்தரிக்கோல், சார்ஜர், ஆதார் நகல், அத்தையின் மூக்குக் கண்ணாடி (அவர் தலையிலேயே இருந்தது). பதில்: பீரோவில் இரண்டாவது தட்டு, வலது பக்கம், வெள்ளை பனியனுக்கு அடியில். நான் போய் எடுத்துக் கொடுத்தால் இரண்டு நொடி. உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்னால் ஐந்து நிமிஷம், நடுவில் "இல்லம்மா, இல்லவே இல்ல" என்று மூன்று தடவை. சில நாள் எனக்கு அந்த ஐந்து நிமிஷம் வேண்டியிருக்கிறது, எழுந்திருப்பதில்லை.

"அரசாங்கக் கணக்குல இது வேலையா, இல்லையா?"

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

1991 பிப்ரவரியில் எனக்கு எட்டு வயது. அம்மாபேட்டை வீட்டுத் திண்ணையில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த வாத்தியார் உட்கார்ந்திருந்தார். அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து பதில் சொன்னார். அப்பா வெண்பட்டு வேட்டி நெய்தவர். "நீங்க?" "நெசவு." "வீட்டம்மா என்ன பண்றாங்க?" "அவ வீட்லதான் சார் இருக்கா." உள்ளே ராட்டைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா தார் சுற்றிக்கொண்டிருந்தார். தறியில் குறுக்கே ஓடுகிற ஊடை நூலைத் தார்க் குச்சியில் சுற்றிக் கொடுக்காவிட்டால் தறி நின்றுவிடும். அப்பாவின் கை வேகத்துக்கு அம்மாவின் கை ஈடு கொடுக்க வேண்டும். நெசவாளர் சொசைட்டியில் கூலி வேட்டிக்கு, அப்பா பெயரில். தார் சுற்றியதற்கு என்று தனியாக ஒரு பைசா கிடையாது. சுற்றி முடித்து எழுந்து குழம்பு வைத்ததற்கும் கிடையாது.

பின்னாளில் தெரிந்துகொண்ட வேடிக்கை என்னவென்றால், அந்த வருஷப் படிவத்தில், வேலை பார்த்தீர்களா என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே, சொந்த நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் கூலியில்லாமல் செய்கிற வேலையையும் சேர்த்துச் சொல்லவும் என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்கள். பெண்களின் வேலை விட்டுப் போகிறது என்று சொல்லித்தான் 1991-ல் அதைச் சேர்த்தார்கள். படிவம் கேட்கத் தயாராக இருந்தது. வாத்தியார் அந்த அடைப்புக்குறியைப் படிக்கவில்லை, அப்பாவுக்குத் தோன்றவில்லை, அம்மா எழுந்து வெளியே வரவில்லை.

அம்மாவின் தார் அப்படிக் கணக்கில் வர வேண்டியது, வராமல் போனது. என் கதை வேறு, விதிப்படியே வராது. சமையலும் துப்புரவும் பிள்ளை வளர்ப்பும் மட்டும் செய்கிறவர்களைக் கணக்கெடுப்பில் 'வேலை செய்யாதவர்' பக்கம்தான் போடுகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் வீட்டு வேலைதான் முக்கியமான வேலை என்று சொன்ன பெண்கள் சுமார் 15 கோடியே 98 லட்சம். ஆண்கள் சுமார் 58 லட்சம். மாணவர், ஓய்வூதியம் வாங்குபவர், வாடகை வருமானத்தில் வாழ்பவர், பிச்சை எடுப்பவர் எல்லாரும் அதே 'வேலை செய்யாதவர்' வகையில்தான் வருகிறார்கள். 2001 கணக்கெடுப்பிலும் இப்படித்தான் இருந்தது. 2010-ல் ஒரு தீர்ப்பில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஏ.கே. கங்குலி அதைத்தான் கண்டித்தார்.

நாட்டு உற்பத்திக் கணக்கும் அப்படியே. கொல்லையில் கத்தரிக்காய் விளைத்தால், விற்காவிட்டாலும், அது உற்பத்தி. அந்தக் கத்தரிக்காயைக் குழம்பு வைத்தால் உற்பத்தி இல்லை. எங்கள் தெருவில் நாலு வீட்டில் வேலை பார்க்கும் அக்கா என் பாத்திரத்தை விளக்கினால் அது கணக்கில் சேரும், சாயங்காலம் அவர் தன் வீட்டுப் பாத்திரத்தை விளக்கினால் சேராது. வீட்டு வேலைக்கு வைத்த பெண்ணையே ஒருவர் கல்யாணம் செய்துகொண்டால் தேச வருமானம் குறைந்துவிடும் என்று பிகூ என்ற ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் நூறு வருஷத்துக்கு முன்பே இதைச் சுட்டிக்காட்டிவிட்டார். அப்புறமும் கணக்கு மாறவில்லை.

ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. 2019-லும் 2024-லும் மத்திய அரசு நேரக் கணக்கெடுப்பு நடத்தியது. விடிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை யார் என்ன செய்தார்கள் என்று அரை மணி அரை மணியாகக் கேட்டார்கள். கூலியில்லாமல் வீட்டு வேலை செய்கிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 2019-ல் பெண்கள் நாளுக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். 2024-ல் பெண்கள் 289, ஆண்கள் 88. ஐந்து வருஷத்தில் எங்களுக்குப் பத்து நிமிஷம் குறைந்தது, அவர்களுக்கும் ஒன்பது நிமிஷம் குறைந்துவிட்டது. குழாய்ச் சத்தத்துக்குக் காதைத் திறந்து வைத்திருப்பதை எந்த அரை மணியில் எழுதுவது என்று நான் யோசித்துப் பார்த்தேன். 'தூக்கம்' என்றுதான் எழுத வேண்டும்.

"சம்பளம்னு போட்டா உங்களுக்கு மாசம் எவ்வளவு வரும்?"

சமையல்காரம்மாவுக்கு இவ்வளவு, டியூஷனுக்கு இவ்வளவு, வயசானவங்களைப் பார்த்துக்க ஆள் போட்டால் இவ்வளவு என்று கூட்டிப் பார்க்கிற விளையாட்டை நானும் ஆடியிருக்கிறேன். கூட்டல் எப்போதும் அவர் சம்பளத்தைத் தாண்டிவிடும். எல்லாரும் சிரிப்போம், அத்தோடு சரி.

நிஜமாகவே விலை போட்டவர்கள் நீதிபதிகள். 1989-ல் ஜாம்ஷெட்பூரில் நடந்த தீ விபத்து வழக்கில், 2001-ல், குடும்பத் தலைவியின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் மதிப்பிட்டது. 2010-ல் நான் மேலே சொன்ன தீர்ப்பு, விபத்தில் இறந்த ஒரு இல்லத்தரசியின் குடும்பத்துக்கான இழப்பீட்டை இரண்டரை லட்சத்திலிருந்து 6 லட்சமாக உயர்த்தியது. 2021 ஜனவரியில் நீதிபதி என்.வி. ரமணா, வீட்டில் இருப்பவர்கள் வேலை செய்வதில்லை என்ற எண்ணமே தவறு என்று எழுதினார். 2024 பிப்ரவரியில், இல்லத்தரசியின் வருமானத்தைத் தினக்கூலித் தொழிலாளியின் வருமானத்துக்குக் கீழே வைக்கக்கூடாது என்று சொன்னார்கள்.

எல்லாம் நல்ல தீர்ப்புகள். ஆனால் கவனித்தீர்களா, எல்லாமே ஒரு பெண் செத்த பிறகு போட்ட கணக்கு. ஓமலூர் பைபாஸில் ஒரு லாரி என் மேல் ஏறினால்தான் என் சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அப்போதும் எனக்குத் தெரியாது.

உயிரோடு இருக்கிறவளுக்கு என்று வந்தது 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி கொடுத்த தீர்ப்பு. கணவர் சவூதியில் சம்பாதித்து அனுப்பினார், மனைவி நெய்வேலியில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். சொத்து யாருடையது என்று வழக்கு. அவர் அங்கே நிம்மதியாக வேலை பார்க்க முடிந்ததே இவர் இங்கே பார்த்த வேலையால்தான், ஆகவே இவருக்கும் சமபங்கு என்று தீர்ப்பானது. இது ஒரு வழக்கின் தீர்ப்பு. எல்லாருக்கும் தானாகப் பாதி எழுதி வைக்கிற சட்டம் ஒன்றும் வந்துவிடவில்லை. அதனால் வீட்டு மனை வாங்குகிறவர்களுக்கு என் யோசனை: பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும். கோர்ட்டுக்குப் போய் நிரூபிப்பதைவிடப் பத்திர ஆபீசில் ஒரு கையெழுத்து சுலபம்.

"அதான் மாசம் ஆயிரம் ரூபா வருதே?"

தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்குக் கொடுக்கும் பணத்தைச் சொல்கிறார்கள். எனக்கு வராது. குடும்ப வருமானம் வருஷம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நாங்கள் தாண்டிவிட்டோம். அம்மாவுக்கு வருகிறது. விண்ணப்ப முகாமை 2023 ஜூலையில் நம் பக்கத்துத் தொப்பூரில்தான் முதல்வர் தொடங்கி வைத்தார், அந்தச் செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

தொகை சிறிதுதான். பெயர்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. உதவித்தொகை இல்லை, உரிமைத்தொகை. அம்மா இத்தனை வருஷம் சுற்றிய தாருக்கு அவர் பெயரில் வந்த முதல் மாதப் பணம் அது. என்ன செய்கிறாய் என்று கேட்டேன். பாதியைச் சீட்டில் போடுகிறாராம். மீதி? "அது எதுக்கு உனக்கு" என்றார். ஒரே குறை, பணம் வந்த மெசேஜ் அப்பா போனுக்குப் போகிறது.

"உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னா வீடு என்ன ஆகும்?"

இரண்டு வருஷம் முன்பு டெங்கு வந்து பத்து நாள் படுத்துவிட்டேன். வீடு ஒன்றும் இடிந்து விழவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரிக் கதைகளில் அம்மா படுத்தால் வீடே நாறிப்போகும். எங்கள் வீட்டில் சமையல் நடந்தது. அத்தை ரசம் வைத்தார், நாத்தனார் கொண்டலாம்பட்டியிலிருந்து குழம்பு கொடுத்தனுப்பினார், வீட்டுக்காரர் பாத்திரம் விளக்கினார், பெண் துணி மடித்தாள். கண்ணுக்குத் தெரிகிற வேலை எல்லாவற்றையும் ஆளாளுக்குப் பங்கு போட்டுச் செய்துவிட்டார்கள்.

விட்டுப்போனதெல்லாம் வேறு. புதன்கிழமை போட வேண்டிய வெள்ளை யூனிபார்மைப் பையன் வியாழக்கிழமை போட்டுக்கொண்டு போனான். எல்ஐசி தவணை தேதி தாண்டியது. ரவையில் வண்டு. பெண்ணின் பிராஜெக்ட்டுக்குச் சார்ட் பேப்பர் வேண்டும் என்பது ராத்திரி ஒன்பதரைக்குத் தெரிந்தது.

அந்தப் பத்து நாளும் அவர் என் கட்டில் பக்கத்தில் வந்து நின்று ஒன்றையே சொன்னார். மனசாரத்தான் சொன்னார். "எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன். என்ன பண்ணணும்னு மட்டும் நீ சொல்லு."

நூற்றிமூன்று டிகிரி காய்ச்சலில் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அந்த 'மட்டும்' இருக்கிறதே, அதுதான் என் வேலை. மற்றதெல்லாம் அதன் கை கால்.

"உங்க வீட்டுக்காரர் உதவி பண்ணுவாரா?"

பண்ணுவார். காய் நறுக்குவார், துணி காயப்போடுவார். அக்கம்பக்கத்தில் அவருக்கு ரொம்ப நல்ல பெயர். நான் பத்து வருஷம் சமைத்ததைவிட அவர் ஒரு நாள் மாடியில் துணி காயப்போட்டது தெருவில் அதிகம் பேசப்பட்டது.

ஆனால் உதவி என்றால், வேலை என்னுடையது, கை அவருடையது என்று அர்த்தம். கை எனக்குப் பஞ்சமில்லை. காய்ச்சல் சரியான பிறகு உட்கார்ந்து பேசினோம். "எனக்கு உதவி வேணாங்க. ஏதாவது ஒண்ணே ஒண்ணை முழுசா எடுத்துக்கங்க. நான் அதை நினைக்கவே கூடாது" என்றேன். "எது வேணா சொல்லு" என்றார். "அதையும் நானே சொல்லணுமா?" என்றேன். யோசித்து, கேஸ் சிலிண்டர் என்றார். மாதம் ஒரு தடவை போன் எடுத்துப் புக் பண்ணுகிற வேலை என்று நினைத்திருப்பார்.

நான் ஒன்று மட்டும் முடிவு செய்தேன்: ஞாபகப்படுத்தக்கூடாது. இது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அடுப்பு நீலம் மாறிச் சிவப்பாக எரிய ஆரம்பித்தபோது என் நாக்கு நுனியில் வார்த்தை நின்றது. விழுங்கினேன். இரண்டாம் நாள் காலை ஆறே முக்காலுக்கு, இட்லிப் பானையில் ஆவி வருவதற்குள் அடுப்பு அணைந்தது. மாற்றுச் சிலிண்டரும் காலி. அதைப் போன தடவை மாற்றியபோதே புக் பண்ணியிருக்க வேண்டும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அத்தைதான் சொன்னார், எல்லாம் என்னைப் பார்த்து. "ஏம்மா, கேஸ் தீர்றது கூடவா பொம்பளைக்குத் தெரியாது?" அவர் குறுக்கே வந்து, "அது என் வேலைம்மா" என்றார். அத்தை அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மொய் நோட்டில் எழுதி வைக்காத குறைதான்.

அன்றைக்கு அஞ்சு ரோட்டிலிருந்து டிபன் வாங்கி வந்தார். சாயங்காலம் பக்கத்து வீட்டில் ஒரு சிலிண்டர் கைமாற்றாகக் கேட்டு வாங்கினார், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதையும் அவரே நினைவு வைத்துக்கொண்டார். அத்தை இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் மகனைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்தார். "பாரு. கேஸ் இல்லாத இடம் சீக்கிரம் காயும். ஈரம் எங்க நிக்குதோ அதுவரைக்கும் கேஸ் இருக்குன்னு அர்த்தம்." நாற்பத்தாறு வயது மனிதர் குனிந்து ஈரக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வித்தையை அத்தை எனக்குக் கல்யாணமான மாதமே சொல்லிக்கொடுத்தார். மகனுக்குச் சொல்ல அதுவரை சந்தர்ப்பம் வரவில்லை.

"எங்க காலத்துல நாங்கெல்லாம் இப்படி கணக்குப் பாத்தமா?"

பார்க்கவில்லை, உண்மைதான். பார்த்திருந்தால் நல்லது. அத்தை, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

"வீட்ல இருந்தே ஏதாவது பண்ணலாமே? கொலுசு வேலை, வாட்ஸ்அப்ல சேலை வியாபாரம்?"

பண்ணுகிறவர்களைத் தெரியும். சிவதாபுரம், பனங்காடு பக்கம் கொலுசுக்குச் சலங்கை கோர்ப்பதும் பற்றவைப்பதும் வீடு வீடாக நடக்கிறது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு செய்கிறார்கள், உருப்படிக் கணக்கில் கூலி. வருமானம் வேண்டியிருப்பவர்களுக்கு அது பெரிய விஷயம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "வீட்ல சும்மா இருக்கிற நேரத்துல" என்று யாராவது ஆரம்பித்தால் முதல் கேள்விக்கான பதிலுக்கு அனுப்பிவிடுவேன்.

"ரொம்ப அலுப்பா இருந்தா ஏற்காடு போய் ரெஸ்ட் எடுத்துட்டு வாங்களேன்?"

போனோம். மே மாதம், கோடை விழா நேரம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. பையனுக்கு ஏழாவது வளைவில் முகம் வெளுக்கும், ஒன்பதாவதில் வரும். அதற்கு எலுமிச்சம்பழம், பிளாஸ்டிக் கவர் மூன்று, மாற்றுச் சட்டை, ஈரத்துணி. அத்தைக்கு ஸ்வெட்டர், மாத்திரை. மேலே ஹோட்டலில் கூட்டமாக இருக்கும் என்று புளிசாதம், தயிர்சாதம், தட்டுவடை. கிளம்புவதற்கு முந்தைய நாள் எல்லாரும் சீக்கிரம் படுத்தார்கள், காலையில் எழ வேண்டுமே என்று.

லேடீஸ் சீட்டில் நின்று பார்த்தால் கீழே சேலம் முழுக்கத் தெரியும், இருட்டினால் விளக்காக மின்னும். பெயர்தான் லேடீஸ் சீட், உட்கார்ந்தது மற்றவர்கள் எல்லாரும். நான் பையன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன், விளிம்புக் கம்பியில் ஏறுகிறான்.

அங்கேயே வழியில் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். காப்பி பழம் எடுக்கிற மாதங்களில் எஸ்டேட் வேலை, மற்ற நாளில் இப்படி வியாபாரம். நான் வீட்டில்தான் இருக்கிறேன் என்று சொன்னதும், "குடுத்து வச்சவங்க. எங்களுக்கு அங்கயும் வேலை, ஊட்டுலயும் அதே வேலை" என்றார். அந்த அம்மாவிடம் என் குழாய்ச் சத்தக் கதையை எடுக்க வாய் வரவில்லை. அவர் கேட்பது குழாய்ச் சத்தமாக இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டில் இருக்க முடிவது வசதி, அதை மறுக்க மாட்டேன். அரைக்கிலோ சுளை வாங்கிக்கொண்டு வந்தேன். கொட்டையை எடுத்து வைத்து மறுநாள் குழம்பு வைத்தேன்.

"அப்ப ஏன் திரும்ப வேலைக்குப் போகக்கூடாது?"

இரண்டு தடவை முயற்சி செய்தேன். நான் விட்டபோது வாட் வரி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து, நான் கற்றது பாதி பழசாகிவிட்டது. ஒரு பயிற்சியில் சேர்ந்து பிடித்துக்கொண்டேன், அது பெரிய விஷயமில்லை. ஒரு இடத்தில் நேர்காணலுக்குப் போனபோது, நடுவில் இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன் என்றேன். கேட்டவர் தாளில் ஒரு கோடு போட்டார். கடை மூடுவது ராத்திரி எட்டரை. பள்ளி விடுவது மூன்றரை. நடுவில் இருக்கிற ஐந்து மணி நேரம் யாருடையது என்ற கேள்வி என்னிடம் மட்டும்தான் கேட்கப்பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைச் சொன்னால் சில தோழிகளுக்குப் பிடிக்காது. எனக்கு வீட்டில் இருப்பது பிடிக்கும். பதினோரு மணிக்கு எல்லாரும் போன பிறகு, அத்தை கோயிலுக்குப் போயிருக்கும்போது, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காப்பி குடிக்கிற அந்த அரை மணியை எந்தக் கடை முதலாளிக்கும் கொடுக்க மாட்டேன். பையன் ஸ்கூல் விட்டு வந்து பையைக் கழற்றுவதற்குள் சொல்லிவிடுகிற கதையை, எட்டரைக்கு வந்தால் சொல்ல மாட்டான். என் வழக்கு வேலையோடு இல்லை. அது வேலையே இல்லை என்று சொல்கிறவர்களோடுதான்.

"அம்மா, ஃபாரத்துல உனக்கு என்ன போடறது?"

பெண் ஒன்பதாவது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஃபாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். தந்தை தொழில் எழுதிவிட்டாள். தாய் தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது. போன வருஷம் வரை கேட்காமலே 'இல்லை' என்று எழுதினவள். "என்னம்மா போடட்டும்? இல்லத்தரசின்னு போட்டா அரசி மாதிரி ஒண்ணும் நீ இல்லையே" என்றாள். கணக்கர் என்று போடச் சொன்னேன். "யாருக்கு?" என்றாள். மொய் நோட்டைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே எழுதிவிட்டாள், பள்ளியில் இதுவரை யாரும் கேட்கவில்லை.

"அக்கா, உங்க வீட்டுக்கு அடுத்த சிலிண்டர் எப்ப வருது? எங்களுக்கு ஒண்ணு கைமாத்தா வேணும்."

தெரியாது. அவரைக் கேளுங்க.